டிராக்டர் வீட்டுப் பிள்ளைகள்

கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றும் பழைய லேண்ட் ரோவருக்கும் உலகை மயக்கிய கிராண்ட் டூரர் கார்களுக்கும் என்ன உறவு?

சிம்பாங் பூலாயிலிருந்து ஏறி வரும் மலைச்சாலை கம்போங் ராஜாவில் வந்து பழைய சாலையோடு சேர்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு தே தாரிக்கை வாங்கிக்கொண்டு அந்தச் சந்திப்பில் நின்றால் இரண்டு சாதி வண்டிகளைப் பார்க்கலாம். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இருட்டோடு கிளம்பி வரிசை கட்டி ஏறி வருபவை ஒரு வகை. போர்ஷே, நிஸ்ஸான் ஜிடி-ஆர், எப்போதாவது ஒரு ஃபெராரி. தரையோடு ஒட்டிய உடம்பு, முகம் பார்க்கும் மினுமினுப்பு. இன்னொரு வகை, காய்கறித் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து முனகிக்கொண்டே இறங்கும். கதவைக் கழற்றிப் போட்ட, முட்டைக்கோஸ் கூடைகளை டிரைவரின் தலைக்கு மேல் அடுக்கிய லேண்ட் ரோவர்.

அன்றைக்கு நான் நின்றபோது ஒரு லேண்ட் ரோவர் சாலையில் ஏறி நடுவில் ஊர்ந்தது. பின்னால் வந்த ஏழெட்டு கார்களும் வேறு வழியில்லாமல் அதன் நடைக்கு நடந்தன. சற்று நேரத்தில் அந்த வண்டியின் டிரைவர் அதே கடைக்கு வந்து உட்கார்ந்தார். எழுபதை நெருங்கிய தமிழர். புளூவேலி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறகு காய்கறித் தோட்டக்காரர்களுக்கு வண்டி ஓட்டப் போனவர். “பின்னாடி வந்த வண்டிகளைப் பாத்தீங்களா, ஐயா?” என்று கேட்டேன். “பாத்தேன் தம்பி. அதுங்கல்லாம் இந்த ரோட்டு போட்டப்புறம் வந்ததுங்க. இது ரோட்டுக்கு முன்னயே இங்க இருக்கு” என்றார்.

சிம்பாங் பூலாய்ச் சாலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கம்போங் ராஜா, வழியின் கடைசி ஊர். தாப்பாவிலிருந்து ஏறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் தாண்டி வர வேண்டும். ஆகவே பெரியவர் சொன்னது கம்போங் ராஜாவைப் பொறுத்தவரை வரலாற்று உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் அவருக்கே தெரியாத இன்னொரு உண்மையும் இருக்கிறது. மலைமலையாகப் பணம் கொடுத்து வாங்கும் அந்த கிராண்ட் டூரர் கார்களின் வம்சத்தைத் தோண்டிப் பார்த்தால், அடியில் கிடப்பது உழவுக் கருவிதான். அந்தக் கார்களை முதலில் செய்தவர்களில் சிலர் டிராக்டர் செய்தவர்கள். அவை கற்றுக்கொண்ட மிகப் பெரிய வித்தை, நான்கு சக்கரத்திலும் விசை பாய்ச்சுவது, சேற்றில் உழன்ற வண்டிகளிடமிருந்து வந்தது. கார்ப் பத்திரிகைகள் இந்தக் கதையைப் பிரபுக்களையும் சினிமா நடிகர்களையும் வைத்தே சொல்லி வந்திருக்கின்றன. கம்போங் ராஜாவிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

மலை கடக்கப் பிறந்த கார்

கிராண்ட் டூரர் என்றால் என்ன? சுருக்கமாக ஜிடி. பந்தயக் காரின் வேகம் வேண்டும். ஆனால் பந்தயக் கார் மாதிரி முதுகெலும்பை முறிக்கக் கூடாது. இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், முடிந்தால் பின்னால் இரண்டு குழந்தைகள். காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு இரவு உணவுக்கு இன்னொரு நாட்டில் களைப்பில்லாமல் இறங்க வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டு இளைஞர்கள் ஆல்ப்ஸ் மலையைக் கோச்சு வண்டியில் கடந்து இத்தாலி வரை போய்வந்த நெடும்பயணத்துக்கு ‘கிராண்ட் டூர்’ என்று பெயர். அந்தப் பெயர்தான் காருக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த வகைக் கார் இத்தாலியில் உருப்பெற்றதற்கு மலைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸின் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கத்தில் மட்டும் 48 இருக்கின்றன. நேர்ச்சாலையில் வேகமாக ஓடப் பெரிய என்ஜின் போதும். வளைவிலும் ஏற்றத்திலும் ஓட எடை குறைய வேண்டும், அந்த எடை முன்னும் பின்னும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். 1929இல் வந்த ஆல்ஃபா ரோமியோ 6சி 1750 வரிசையில் ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற பெயரிலேயே ஒரு கார் இருந்தது. அதை வடித்த விட்டோரியோ யானோ பிறகு லான்சியா நிறுவனத்துக்குப் போனார். 1951இல் அங்கிருந்து வந்தது ஆரேலியா பி20 ஜிடி. இன்று நாம் ஜிடி என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் அதுதான் தாய். ‘வி’ வடிவில் ஆறு சிலிண்டர் வைத்த என்ஜினைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்ற முதல் கார் ஆரேலியாதான். கியர்ப்பெட்டியையும் கிளட்ச்சையும் பின்னச்சில் கொண்டு போய் வைத்து எடையைச் சமன் செய்தார்கள். அந்த ஆண்டு இத்தாலியின் ஆயிரம் மைல் சாலைப் பந்தயத்தில் இரண்டு லிட்டர் என்ஜின் வைத்த ஒரு ஆரேலியா, தன்னைப்போல் இருமடங்கு பெரிய என்ஜின் கொண்ட ஃபெராரிக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தில் வந்தது. மலை நாட்டில் கனத்தைவிட நிதானம் வெல்லும் என்பதைக் கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தாலி இப்படி. இங்கிலாந்துப் பக்கம் போனால்தான் சேற்று வாடை வருகிறது.

மூன்று டிராக்டர்காரர்கள்

ஆஸ்டன் மார்ட்டின் கார்களின் பெயரில் டிபி என்ற இரண்டு எழுத்து வரும். டிபி2, டிபி4, 1964இல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கோல்ட்ஃபிங்கர்’ வழியாக உலகமெல்லாம் தெரிந்த டிபி5. டிபி என்பது டேவிட் பிரவுன். அவர் யார் என்று கேட்டால் கார் ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் பல்சக்கரம் வெட்டும் குடும்பத் தொழிற்சாலை அவருடையது. 1936இல் ஹாரி ஃபெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரரோடு சேர்ந்து டிராக்டர் செய்யத் தொடங்கினார். ஃபெர்குசனோடு ஒத்துவராமல் பிரிந்து, சொந்தப் பெயரில் டிராக்டர் போட்டார். 1947இல், பத்திரிகை விளம்பரம் பார்த்து, நொடித்துக் கிடந்த ஆஸ்டன் மார்ட்டினை 20,500 பவுனுக்கு வாங்கினார். கொல்லையில் உழுத வண்டியின் லாபம்தான் அந்த அழகிய கார்களுக்குச் சோறு போட்டது. 1972இல் அவர் விற்கும் வரை இப்படித்தான்.

அவரைப் பிரிந்த ஃபெர்குசன் என்ன செய்தார் என்பது இன்னும் சுவையானது. டிராக்டரின் முதுகில் கலப்பையை மூன்று இடத்தில் பூட்டும் முறையை உருவாக்கியவர் அவர். இன்று தஞ்சாவூரில் ஓடும் டிராக்டரும் அந்த மூன்று புள்ளிப் பூட்டில்தான் கலப்பையைத் தூக்குகிறது. 1946இலிருந்து அவருடைய சாம்பல்நிற டிஇ20 டிராக்டர் கவன்ட்ரி நகரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலையில் உருவானது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்துவரும் மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. கடைசிக் காலத்தில் ஃபெர்குசனுக்கு ஒரே பித்து: சாதாரணக் காரின் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்தால் விபத்து குறையும் என்பது. 1960இல் அவர் இறந்தார். மறு ஆண்டு, அவருடைய ஆராய்ச்சிக்கூடம் செய்த பி99 என்ற பந்தயக் காரை ஸ்டர்லிங் மாஸ் மழை நனைத்த ஔல்டன் பார்க் தடத்தில் ஓட்டி வென்றார். ஃபார்முலா ஒன் வகைப் பந்தயத்தில் நான்கு சக்கர விசையோடு ஒரு கார் வென்றது அந்த ஒருமுறைதான்.

மூன்றாமவர் இத்தாலிக்காரர், ஃபெருச்சியோ லம்போர்கினி. ரெனாஸோ என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1916இல் பிறந்தவர். போர் முடிந்தபோது இத்தாலியில் உழுவதற்கு வண்டி இல்லை. ராணுவம் விட்டுப்போன பழைய வண்டிகளோ குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து, மோரிஸ் என்ஜினை எடுத்து, டிராக்டராகப் பூட்டி விற்றார். 1948இல் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி முளைத்தது. செல்வம் சேர்ந்ததும் ஃபெராரி வாங்கினார், அதன் கிளட்ச் அடிக்கடி தேய்ந்தது, என்ஸோ ஃபெராரியிடம் போய்ச் சொன்னார், மரியாதை கிடைக்கவில்லை, நானே செய்கிறேன் என்று வந்துவிட்டார் என்பது அவரே சொல்லி வந்த கதை. எவ்வளவு உண்மையோ, 1963இல் கார் கம்பெனி தொடங்கியதும், 1964இல் 12 சிலிண்டர் 350 ஜிடி விற்பனைக்கு வந்ததும் உண்மை.

ராணுவம் கைவிட்ட வண்டியைப் பிரித்து மண்ணுக்குத் திருப்புவது! கேமரன் மலைக்காரர் எவரும் இதைப் படித்தால், இது நம்ம ஊர்க் கதையாயிற்றே என்பார்கள். ஆம், அதேதான்.

1948

பிரிட்டனின் ரோவர் கம்பெனியில் மௌரிஸ் வில்க்ஸ் தலைமைப் பொறியாளர். வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் அவருக்குப் பண்ணை நிலம் இருந்தது. அங்கே உழைத்தது போரில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப். அது வீணாகிப் போனால் வேறு என்ன வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் லேண்ட் ரோவர் பிறந்தது. 1947இல் கடற்கரை மணலில் வில்க்ஸ் அதன் உருவத்தைக் கோடு கிழித்துக் காட்டியதாகச் சொல்வார்கள். முதல் மாதிரி வண்டியில் டிராக்டரைப் போலவே ஸ்டீயரிங்கை நட்டநடுவில் வைத்தார்கள். பின்பக்கம் என்ஜின் விசையை வெளியே எடுத்துக் கதிரடிக்கவும் மரம் அறுக்கவும் வழி வைத்தார்கள். எஃகு பங்கீட்டில் கிடைத்த காலம். ஆகவே உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியானது. விலை 450 பவுன். 1.6 லிட்டர் என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன்.

அதே 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்கே120 வந்து நின்று கூட்டத்தைக் கட்டிப் போட்டது. மணிக்கு 120 மைல் ஓடும் கார். டேவிட் பிரவுனின் முதல் ஆஸ்டன் மார்ட்டினும் அங்கேதான். அந்த ஆண்டுதான் போர்ஷே தன் பெயரில் முதல் காரைப் பதிவு செய்தது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியதும் அந்த ஆண்டே. மலாயாவில் 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தேடிக் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் படைக்கு லேண்ட் ரோவர் பொதிமாடு மாதிரி. அவர்கள் கிளம்பும்போது பழைய வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. கேமரன் மலையின் காய்கறித் தோட்டக்காரர்களும் தேயிலைத் தோட்டங்களும் அவற்றை வாங்கிப் போட்டார்கள். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை அழிக்கக் கைகளும் கோவேறு கழுதைகளும் ஒரேயொரு நீராவி உருளையும்தான் இருந்தன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழருடையவை. முதுகில் கூடை கட்டிக் கொழுந்து சுமந்த மலையில், பாரத்தை இறக்கி வைக்க இரும்பில் ஒரு முதுகு வந்ததென்றால் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

இன்றும் மலேசியாவில் வேறெந்த ஊரிலும் இத்தனை பழைய லேண்ட் ரோவர்களை ஒன்றாகப் பார்க்க முடியாது. கம்போங் ராஜாவிலிருந்து கோலா தெர்லா, திரிங்காப் வரை சாலையோரத்தில் நின்று எண்ணுவது சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. விளக்கு மூக்கருகே நடுவில் இருந்தால் பழையது. பக்கத்து மட்கார்டுக்குப் போயிருந்தால் 1960களின் கடைசிக்குப் பிந்தியது. முகத்தில் கம்பிவலைக்குப் பதில் பிளாஸ்டிக் இருந்தால் 1971இல் வந்த மூன்றாம் வரிசை. ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டும் வெளியிலிருந்து முடியாது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே பெரும்பாலும் ஜப்பானிய டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சேசிஸ் எஃகு. இந்த மலையின் மழைக்கு அது அரித்துப் போகும். ஊர்ப் பட்டறைகள் அதை வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி, முதலில் வந்த இரும்பில் ஒரு சாண்கூட மிஞ்சாத வண்டிகளையும் ஓட வைத்திருக்கின்றன.

பெரியவர் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு காய்கறிப் பாதையில் இறங்கினார். இரவு மழையில் பாதை சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பிகள். ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், இன்னொன்றில் சிவப்பு. மஞ்சளை அமுக்கினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் நான்கு சக்கரமும் மிகத் தாழ்ந்த கியருக்கு இறங்கிவிடும். “இப்ப பிரேக்குல காலை வைக்கக் கூடாது, தம்பி. வச்சா சக்கரம் நிக்கும், வண்டி நிக்காது. என்ஜினே புடிச்சுக்கும்” என்றார். அப்படியே பிடித்துக்கொண்டது. அரை டன் பாரத்தோடு அந்த வண்டி, சறுக்கும் சரிவில், நடக்கிற வேகத்தில், நூல் பிடித்த மாதிரி இறங்கியது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. சக்கரம் வழுக்குகிறதா என்பதை அவருடைய இடுப்பு சொன்னது.

இந்த இரண்டு குமிழின் வேலையைத்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளும் ஜிடி கார்கள் கற்றுக்கொண்டன.

சேறு கொடுத்த வித்தை

1950களும் 60களும் ஜிடியின் பொற்காலம் என்பார்கள். அழகில் சந்தேகமில்லை. 208 மட்டுமே உருவான பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல். இறக்கை போல் கதவு திறக்கும் மெர்சிடஸ் 300 எஸ்எல். ஃபெராரி 250 வரிசை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப். அந்தக் கண்காட்சிக்கு இரண்டாவது காரும் வேண்டும் என்று சொன்னதும், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கவன்ட்ரியிலிருந்து இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு காலையில் ஜெனீவா போய்ச் சேர்ந்தார். ஜிடி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

ஆனால் அவை எல்லாமே பின்சக்கரத்தை மட்டும் உதைத்து ஓடியவை. 250, 280 குதிரைத்திறனை இரண்டு ஒல்லி டயர்கள் வழியாக ஈரச் சாலையில் இறக்குவது ஆபத்தான வேலை. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களிலும் பணக்காரப் பிள்ளைகளிலும் எத்தனை பேர் அதில் போனார்கள் என்பது இந்தப் பொற்காலக் கதைகளில் வராது.

விடை 1966இல் வந்தது. வந்ததே தெரியாமல் போனது. ஜென்சன் எஃப்எஃப். நான்கு பேர் உட்காரும், 6.3 லிட்டர் கிரைஸ்லர் என்ஜின் வைத்த சொகுசு ஜிடி. எஃப்எஃப் என்பது ‘ஃபெர்குசன் ஃபார்முலா’, அதே டிராக்டர் ஃபெர்குசன். சாலைக்கென்றே செய்த கார்களில் நான்கு சக்கர விசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது அதுதான் முதல். போதாததற்கு விமானச் சக்கரங்களுக்காக டன்லப் செய்திருந்த வழுக்காத பிரேக் முறையும் அதில் இருந்தது. மொத்தம் 320 கார்கள்தான் உருவாயின. வலப்பக்க ஸ்டீயரிங் மட்டுமே என்பதால் அமெரிக்காவில் விற்க முடியவில்லை. விலையும் மிக அதிகம். என் கணிப்பில், ஜிடி வரலாற்றில் மிக முக்கியமான கார் இ-டைப்போ 250ஓ இல்லை, இந்த ஜென்சன்தான். இன்று நாம் நம்பி ஏறும் ஒவ்வொரு நல்ல காரிலும் அதன் இரண்டு குணங்களில் ஒன்றாவது இருக்கிறது.

அடுத்த அடி ஒரு ராணுவ ஜீப்பிலிருந்து வந்தது. 1977 குளிர்காலத்தில் ஃபின்லாந்துப் பனியில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த இல்டிஸ் வண்டியை ஆடி பொறியாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 75 குதிரைத்திறன் மட்டுமே உள்ள அந்தப் பெட்டி, தன்னைவிட மிக வலுவான ஆடி கார்களைப் பனியில் ஓரம் கட்டியதை யோர்க் பென்சிங்கர் என்ற பொறியாளர் பார்த்தார். இதையே ஒரு வேகமான காரில் வைத்தால் என்ன என்று கேட்டார். 1980 மார்ச்சில் ஆடி குவாட்ரோ வந்தது. 1981இல் அதை ஓட்டித்தான் மிஷேல் மூட்டோன் சான்ரெமோ ராலியை வென்றார். உலக ராலிப் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண் அவர். 1989இல் நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், பின்சக்கரம் வழுக்கும் நொடியில் விசையில் ஒரு பங்கைத் தானாகவே முன்னால் தள்ளியது. பெரியவரின் இடுப்பு செய்த வேலையை அதில் உணரிகளும் கணினியும் செய்தன. 2003இல் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, 2011இல் ஃபெராரியே எஃப்எஃப் என்ற பெயரில், நான்கு சக்கர விசைக்கு வந்து சேர்ந்தன. ஃபெராரி அந்தப் பெயரை வேறு பொருளில் வைத்திருக்கலாம். எனக்கு அதில் ஃபெர்குசன்தான் கேட்கிறது.

மலேசியாவுக்கும் இதில் பங்குண்டு. கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில், நான்கு சக்கர விசையோடு, உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். 1996 முதல் 2017 வரை பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோனின் கையில் இருந்தது. 2008இல் லோட்டஸ் வெளியிட்ட எவோரா, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு சின்ன இருக்கை கொண்ட அசல் ஜிடி. மலேசியர் ஒருவர் எவோராவைப் பார்த்து, இது எங்கள் வீட்டில் பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை.

சென்னைக்கு வந்த ஃபெராரி முகம்

தமிழ்நாட்டுக்கும் இந்த வம்சத்தில் ஒரு கிளை உண்டு. அது மறந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

1968இல் ஃபெராரி டேடோனா வந்தது. நீண்ட கூர்மூக்கு, பின்னால் சரியும் கூரை. ரோவர் கம்பெனியின் வடிவமைப்பாளர் டேவிட் பாஷ் அதில் மனதைப் பறிகொடுத்தார். 1976இல் ரோவர் எஸ்டி1 என்ற ஐந்து கதவுக் குடும்பக் காரில் அந்த முகத்தைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. அதன் பொறியியல் பொறுப்பு ஸ்பென் கிங்குடையது. 1970இல் ரேஞ்ச் ரோவரை உருவாக்கி, உழவு வண்டிக்குச் சுருள் ஸ்பிரிங்கும் எப்போதும் நான்கு சக்கர விசையும் கொடுத்தவர் அவர். எஸ்டி1 பிறந்த சாலிஹல் ஊரில்தான் லேண்ட் ரோவரும் பிறந்தது.

சாலிஹலில் அதன் காலம் முடிந்ததும் அச்சுகள் கப்பலேறி சென்னைக்கு வந்தன. 1985இல் பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையிலிருந்து ‘ஸ்டாண்டர்ட் 2000’ வெளியே வந்தது. நம் சாலைகளுக்காக அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ரோவரின் எட்டு சிலிண்டர் என்ஜினை எடுத்துவிட்டுப் பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டின் 1991 சிசி என்ஜினை வைத்தார்கள். அன்றிலிருந்து எல்லோரும் அதைக் குறை சொன்னார்கள்: அவ்வளவு விலைக்கு இவ்வளவு மந்தமான காரா என்று. குறையில் நியாயம் உண்டு. மாருதி வந்துவிட்ட காலத்தில் அது தாக்குப்பிடிக்கவில்லை. 80களின் முடிவோடு உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் போனது.

ஆனால் அந்த என்ஜினைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். வான்கார்டுக்காகக் கவன்ட்ரியில் உருவான அந்த என்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசனின் சாம்பல் டிராக்டரிலும் துடித்தது. 1953இல் ட்ரையம்ஃப் டிஆர்2 என்ற விளையாட்டு காரில் 90 குதிரைத்திறனோடு ஓடியதும் அதுவே. அப்படியானால் 1985இல் சென்னையில் நடந்தது என்ன? ஃபெராரியைப் பார்த்து வரைந்த முகத்துக்குப் பின்னால், டிராக்டரின் இதயம். வணிகத்தில் அது தோற்றது. நான் சொல்லிவரும் வம்சாவளி முழுவதையும் ஒரே உடம்பில் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தில் அந்தக் காரைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒரே வீட்டுக்கு

1948இல் ஆறு மாத இடைவெளியில் வெளியுலகைப் பார்த்த லேண்ட் ரோவரும் ஜாகுவார் எக்ஸ்கே120ம் வெவ்வேறு வீடுகளில் பிறந்து, பல கை மாறி, 2008 ஜூனில் சேர்ந்தே ஒரு புது வீட்டுக்கு வந்தன. டாடா மோட்டார்ஸ் அந்த இரண்டு நிறுவனங்களையும் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 ஜனவரி 29 அன்று சாலிஹலில் லேண்ட் ரோவரின் நேர் வாரிசான பழைய டிஃபென்டரில் கடைசி வண்டி வரிசையிலிருந்து இறங்கியது. 1948இலிருந்து எண்ணினால் 20,16,933வது வண்டி. 2024 செப்டம்பர் 28 அன்று, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடாவின் புதிய கார் ஆலைக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என்பதுதான் அந்த அறிவிப்பின் பெருமை. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய வட ஆற்காட்டு மண்ணிலிருந்து இனி லேண்ட் ரோவரும் புறப்படும். மூன்று தலைமுறை முன்பு அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் பேரன்கள் கேமரன் மலையில் அதே பெயருள்ள வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜிடி இப்போது மின்சாரத்துக்கு மாறுகிறது. 2019இல் போர்ஷே டைகான். 2024இல் பென்ட்லி தன் 12 சிலிண்டர் என்ஜினை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகுவார், இனி நான்கு கதவு மின்சார ஜிடிதான் என்று மயாமியில் மாதிரிக் காரைக் காட்டியது. முன்னச்சில் ஒரு மோட்டார், பின்னச்சில் ஒரு மோட்டார் என்று வைத்துவிட்டால் மஞ்சள் குமிழும் வேண்டாம், சிவப்புக் குமிழும் வேண்டாம். சத்தமும் இராது. சத்தம் போவதில் எனக்குக் குறையில்லை. மூடுபனி இறங்கும் புளூவேலிச் சரிவில் சத்தமில்லாமல் ஏறும் கார் அந்த இடத்துக்குத் தகுந்ததுதான். ஆனால் விற்கும் விலையைப் பார்த்தால் கவலை வருகிறது. டேவிட் பிரவுனும் லம்போர்கினியும் உழவருக்கு விற்றுச் சம்பாதித்ததில் ஜிடி செய்தார்கள். இன்றைய ஜிடி செய்பவர்களில் பெரும்பாலோர் உழவருக்கு எதையுமே செய்வதில்லை. இன்றைய டிஃபென்டரை முட்டைக்கோஸ் ஏற்றுகிறவர் வாங்க முடியாது. அந்தக் கொடி அறுந்துவிட்டது.

இங்கே மலையில் அறுந்துகொண்டிருப்பது வேறொன்று. கொழுந்தெடுப்பில் இயந்திரமும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிவிட்டன. புதிதாக வண்டி வாங்குகிற தோட்டக்காரர் ஜப்பானிய பிக்கப்புக்குப் போகிறார். குறை சொல்ல முடியாது, அது மழையில் நனைக்காது. ஓரங்கட்டிய லேண்ட் ரோவர்களை வெளியூர் சேகரிப்பாளர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். அவற்றோடு, எந்த வண்டி எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் ஓட்டினார், எந்த மழையில் எந்தச் சரிவில் யாரை மருத்துவமனைக்கு இறக்கியது என்பதெல்லாம் போய்விடுகிறது. ஆஸ்டன் மார்ட்டினுக்கும் ஃபெராரிக்கும் ஒவ்வொரு சேசிஸ் எண்ணுக்கும் பிறப்பிலிருந்து வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். கேமரன் மலை லேண்ட் ரோவருக்கும் அதே மரியாதை வேண்டும்.

இதைப் படிக்கும் மலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய தோட்டத்து லேண்ட் ரோவரின் ‘கிராண்ட்’ என்னும் பதிவு அட்டையோ, ரோட் டேக்ஸோ, தாத்தா அதன் மட்கார்டில் கை வைத்து நிற்கும் படமோ இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஓட்டியவர் பெயர், வண்டியின் எண். வண்டியை விற்பதானால், சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு விற்றுவிடுங்கள்.